எழுபதும் முப்பதும்

ஆரம்பாக்கம் தாண்டி, சோதனைச்சாவடியும் தாண்டி,
ஏரி வாடை அடிக்கத் தொடங்கும் இடத்தில்
எங்கள் கொதிகலன் கொட்டகை.
ஒரு சுவரில் தெலுங்கு, எதிர்ச் சுவரில் தமிழ்:
புகை பிடிக்காதீர்.
இரண்டின் மேலும் ஒரே கரி.

எழுபது பங்கு கரித்தூள்.
முப்பதுக்கு ஒன்று குறையத் தண்ணீர்.
அந்த ஒன்று ரசாயனம்.
ஒட்டவைக்க அல்ல அது,
தூளும் தூளும் கட்டிக்கொண்டு கீழே படியாமல்
தள்ளித் தள்ளி நிறுத்த.
கோப்பையில் ஊற்றி, அடித்துளை வழியே
வடிய எத்தனை நொடி என்று எண்ணுவது
என் வேலை. நாற்பது என்றால் நிம்மதி.

"பொக்குலோ நீள்ளா?"
பெஞ்சலய்யா முதல் நாள் சிரித்தார்.
இருபது வருடம் ஃபர்னஸ் ஆயில் எரித்தவர்.
"தீப்பிடித்தால் ஊற்றத்தான் அந்த வாளி.
அதையே தீக்கு ஊட்டச் சொல்றியே, சுபத்திரா."

டீசல் சுடரில் காட்டினோம்.
பீச்சுகுழல் இருமியது. கறுப்பாய்த் துப்பியது.
கழற்றினோம், கழுவினோம், மாட்டினோம்.
மூன்றாம் முறை
பார்வைத் துளைக்குள்
நீளமாய் நின்றது மஞ்சள்.
பெஞ்சலய்யா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து
மறுபடி குனிந்து பார்த்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
எல்லோருக்கும் டீ சொன்னார்.

தண்ணீர் சும்மா வராது.
ஆவியாகிப் போகும்போது தன் கூலியை
வெப்பத்தில் பிடித்துக்கொண்டுதான் போகும்.
முதலாளி அதையும் கழித்துப் பார்த்துவிட்டார்,
ஆயில் விலைக்கு அப்படியும் லாபம்.

அவர் போடாத கணக்கு,
எந்தத் தண்ணீர் என்பது.

போரில் வருவது உப்பு.
நல்ல தண்ணீர் சூலூர்பேட்டைப் பக்கமிருந்து
நாளுக்கு ஒரு லாரி.
அதுவரை பின்பக்கத் தகரக் குடியிருப்புக்கு வந்தது,
இப்போது கலவைத் தொட்டிக்கு.
குடியிருப்புக்கு ஒன்றுவிட்ட நாள்.
பிறகு, மிச்சமிருந்தால்.

கத்திரி தொடங்கிய நாலாம் நாள் விடியலில்
கோப்பையைத் தூக்கிப் பிடித்தேன்.
நாற்பது.
எழுபது.
நூற்றிருபதிலும் வடியவில்லை,
தயிராய்த் தோய்ந்து நின்றது.
மின்சாரம் போகவில்லை. கிளறி சுற்றுகிறது.
ஒரு சொட்டைத் தொட்டு
நாக்கில் வைத்தேன். இதைப் பாடத்தில் சொல்லித்தருவதில்லை.

உப்பு.

தொட்டி நிரப்புகிறவள் பெயர் சாம்ராஜ்யம்.
அவள் வாசலில் ஏழு நீலக் குடங்கள், மூடியோடு.
அடுத்த வாசலில் ஐந்து. அதற்கடுத்ததில்
குழந்தை குளிப்பாட்டும் பிளாஸ்டிக் தொட்டி, விளிம்பு வரை.
என்னைப் பார்த்ததும் ஒரு குடத்தைக்
காலால் உள்ளே தள்ளினாள்.
என்ன நினைத்தாளோ,
அதையே சாய்த்து டம்ளரில் ஊற்றி நீட்டினாள்.
"தாகு" என்றாள்.
அவள் மொழியில் குடி.
என் மொழியில், முடியாமல் நிற்கும் தாகம்.

குடித்தேன். டம்ளரில் என் விரல் நாலும்
கறுப்பாய்ப் பதிந்தன.

திரும்பி வந்தபோது பெஞ்சலய்யா
அடைத்த குழலை முகர்ந்துகொண்டிருந்தார்.
இத்தனை வருடம் கொதிகலனில் உப்புக்கல் சுரண்டியவருக்கு
நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.
"இன்னைக்கு ஆயிலுக்கு மாத்துடா"
என்றார் உதவியாளனிடம், என் பக்கம் திரும்பாமல்.

பதிவேட்டில் 'காரணம்' என்றொரு கட்டம்,
தீப்பெட்டி அளவு.
கரி என்றால் சாட்சி என்றும் பொருள்,
ஒரு மதிப்பெண்ணுக்குப் பள்ளியில் படித்தது.
நாக்கு நுனியில் இன்னும் கரகரத்தது.

கிளறி பழுது, என்று எழுதினேன்.
பின்னால் கிளறி பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

பக்கத்தின் அடியில், கொஞ்சம் யோசித்து,
இன்னொரு வரி:
தினம் இரண்டாவது லாரி தேவை, கலவைக்கு.

கலவைக்கு என்று எழுதினால்தான்
வரும்.